பதினொரு மணிக்குப் பூட்டு

இலங்கையில் போர் முடிந்த மறுவருடம், கனடாவின் ஸ்காபரோ கல்யாண மண்டபங்களில் மதுவும் பாட்டும் எத்தனை மணிவரை இருக்கலாம் என்று நகரசபை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. குறிப்பெடுத்த அலுவலர் பிரதீபாவிடம் ஸ்ரீதரன் அடித்துச் சொன்னார்.

"பதினொரு மணிக்குப் பூட்டவேணும். எழுதுங்கோ, பிள்ளை."

"மண்டபத்துக்குப் பக்கத்து வீடோ, அங்கிள்?"

"இல்லை, வீடு தூரம். சண்டையாலை தள்ளிப்போட்ட கலியாணமெல்லாம் இப்பதான் நடக்குது. ரண்டு மணிக்கும் 'இன்னும் ஒரு பாட்டு' எண்டு நிக்கினம்."

"சந்தோசமா ஆடட்டுமே. உங்களுக்கென்ன?"

"மண்டபம் என்ரை, பிள்ளை. வாறவை முழுக்கச் சொந்தக்காரர். நான் நிப்பாட்டினால் மச்சான் முகம் பாக்கமாட்டான். சிற்றி, உங்கடை நகரசபை, நிப்பாட்டினால், நானும் அவனோடை சேர்ந்து சிற்றியைத் திட்டிப்போட்டு நிம்மதியா வீட்டை போவன்."