முற்றத்தில் குவிந்த ஹாப் பூக்கள்

இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கிராமமொன்றின் சிறிய பீர் ஆலையின் முற்றத்தில், பீருக்கு மணமூட்டக் கொதிக்கவைத்து வடித்த கோல்டிங்ஸ் ரக ஹாப் பூக்கள் குவியலாகக் கிடந்து ஆவி விடுகின்றன. உறைபனிக் காற்று தேனும் ஈர மண்ணுமாக மணக்கிறது. ஆலைக்காரி ஹிலாரியின் நாய் பிப்பின், கதவோரம் படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது. "இந்தக் குளிர்ல உனக்கு என்னடா ஆச்சு?" என்று அவள் குனிந்து விலாவைத் தொடுகிறாள். அடுப்பாய்ச் சுடுகிறது. பின்கால்கள் விறைத்திருக்கின்றன. தாடையில் ஒட்டியிருக்கும் பச்சை இதழைப் பார்த்ததும் அவள் கத்துகிறாள். "டெஸ்மண்ட், வண்டிய எடு! ஹாப்பைத் தின்னிருக்கான். நாய்க்கு அது விஷம்." போன வாரம் வேலைக்குச் சேர்ந்த டெஸ்மண்ட், கையில் சாவியோடு அசையாமல் நிற்கிறான். "தானியச் சாறு ஊறி இனிப்பா இருக்கேன்னு, ஹிலாரி, நான்தான் ஒரு கை அள்ளிப் போட்டேன். வாலாட்டிக்கிட்டே தின்னான். இன்னும் கேட்டான். மறுபடியும் போட்டேன்."