கீரைக்கு வந்தவள்

கோலாக் காட்டின் ஓரத்தில் மழை விட்டுவிட்டது. இலைகள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. வைரம் தேடி யாரோ தோண்டிப் போட்ட குழிக்குள், எண்ணெய் தடவியதுபோல மின்னும் கரிய முதுகோடு ஒரு குள்ள நீர்யானை நிற்கிறது. ஏறப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய், உஸ்ஸென்று மூச்சு விடுகிறது. வனக்காவலன் லஹாய் ஒரு பக்கத்துக் கரையை மண்வெட்டியால் சரிவாக வெட்டி முடிக்கிறான். சரிவின் மேலே அவன் அண்ணன் மனைவி யேமா தன் தோட்டத்து வள்ளிக்கிழங்குக் கீரையைப் பரப்புகிறாள். "ராத்திரியெல்லாம் என் பாத்தியை மேய்ஞ்சது பத்தாதா? உனக்கு விருந்து வேற வைக்கணுமா? ஏறி வாடி!" "அண்ணி, மெதுவா. ஊர்க்காரங்க காதுல விழுந்தா கறி சமைக்கச் சட்டியோட வந்துடுவாங்க." யேமா சட்டென்று குரலைத் தாழ்த்துகிறாள். "வாடி, தங்கம்," என்று கிசுகிசுக்கிறாள். இருவரும் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள். குட்டைக் கால்கள் சேற்றில் வழுக்குகின்றன, ஊன்றுகின்றன, மறுபடி வழுக்குகின்றன. யேமா லஹாயின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். கடைசியில் அகன்ற மூக்கு கரைமேல் தெரிகிறது. பிறகு முழு உடம்பும் வருகிறது. பரப்பிய கீரையை மோந்துகூடப் பார்க்காமல் அது நேரே அவள் தோட்டத்துப் பக்கம் நடக்கிறது. விரட்டுவதற்காக லஹாய் கை தட்டப் போகிறான். யேமா அந்தக் கைகளைப் பிடித்து இறக்குகிறாள். "விடுப்பா. பயந்துபோயிருக்கா. ரெண்டு வாய் தின்னுட்டுக் காட்டுக்குப் போகட்டும்."