மாற்ற முடியாத டிக்கெட்

“கட்டிக்கொடுத்த புள்ள பொறந்த ஊட்டுல ரொம்ப நாள் இருந்தா நல்லாருக்காது” என்று மகள் ஜெனிஷாவிடம் காலையில் கண்டிப்பாகச் சொன்ன ஞானாபரணம், மாலையில் ஆர்.எஸ்.புரம் டிராவல்ஸில் நின்றார்.

“அம்மணியோட துபாய் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்க தம்பி. நம்ம மாதா கோயில் திருவிழா வருது.”

வந்த நாளிலிருந்து ஜெனிஷா, பள்ளிக்கூடக் காலத்தைப் போலவே, அவர் தட்டிலிருந்து ஆப்பத்தைப் பிய்த்துத் தின்கிறாள். அதைக் காரணமாகச் சொல்ல முடியுமா?

டிக்கெட் போடும் பெனடிக்ட் கணினியைப் பார்த்தான்.

“இதை மாத்த முடியாது, பணமும் திரும்பாதுங்க ஐயா. அதுனால அக்காவே மத்தியானம் இதைக் கேன்சல் பண்ணிப்போட்டு, அடுத்த மாசத்துக்குப் புதுசா எடுத்துட்டாங்க.”

“என்ன காரணம் சொன்னா?”

“அவங்களும் திருவிழான்னுதான் சொன்னாங்க. நானும் நம்ம கோயில் பங்குதானுங்க ஐயா. போன வாரமே திருவிழா முடிஞ்சு கொடி இறக்கியாச்சுங்களே.”

ஞானாபரணம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“நான் வந்ததை அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க தம்பி.”