ஐம்பத்தேழாம் பக்கம்

புத்தகம் கைக்கு வந்ததும் அவள் நேராக ஐம்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள்.

இரண்டு முக்கோணங்கள் இருந்தன.

இரண்டும் அவள் போட்டவை.

வாடகை நூலகத்தில் ஆளுக்கு ஓர் அடையாளம் உண்டு. இதைப் படித்தாகிவிட்டது என்று தெரிவதற்காக. ஒருவர் கடைசிப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார். இன்னொருவர் முதல் அத்தியாயத்தின் முதல் எழுத்தைச் சுழித்து வைப்பார். அவளுடையது ஐம்பத்தேழாம் பக்கத்தின் அடியில், பென்சிலால், சின்னதாக ஒரு முக்கோணம்.

ஏன் ஐம்பத்தேழு? இந்த நாவல்களில் அதற்குமேல் புதிதாக ஏதும் நடந்து அவள் பார்த்ததில்லை.

அடையாளம் இல்லாமலும் முடியாது. அட்டையை வைத்தோ பெயரை வைத்தோ ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல எந்த மனுஷியாலும் ஆகாது.

எல்லாவற்றிலும் ஒரு தொழிலதிபன் வருவான். வயது இருபத்தெட்டு. ஏழு கம்பெனி. ஒருநாள்கூட ஆபீசுக்குப் போக மாட்டான். கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதுதான் அவனுக்கு முழுநேர வேலை. பேசவும் மாட்டான், உறுமுவான். நல்ல டாக்டரிடம் தொண்டையைக் காட்டலாம்.

கதாநாயகி அவனுக்கு மேல். மனசில் மலையளவு வைத்துக்கொண்டு, கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். புன்னகை வேறு. உள்ளதை வாய்விட்டுச் சொன்னால் பன்னிரண்டாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். சொல்ல மாட்டாள். சமையலறைக்குள் போய், அழுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுவாள்.

குழாயாம்!

இந்தத் தெருவில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தால் ஏழு மணிக்கு நின்றுபோகும். அழுகையை அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வாளோ?

மர்ம நாவல்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? இரண்டாம் அத்தியாயத்தில் யார் பணிவாகக் காப்பி கொண்டுவருகிறானோ அவன்தான் கொலைகாரன். துப்பறிபவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சரித்திர நாவல் ஒன்றில் ஒன்பது பக்கம் குதிரை ஓடியது. கடைசியில் பார்த்தால் பக்கத்து ஊருக்குத்தான் போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கணவரிடம் கொட்டித் தீர்ப்பாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அடுத்த வாரம் இன்னும் நாலு கொண்டுவருவார்.

இவ்வளவு திட்டுகிறவள் எதற்குப் படிக்க வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. திட்டத்தான் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் அவர் கொண்டுவருகிறார் என்பது அவளுக்கும் தெரியும்.

முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு நூலகத்தின் மாடிப்படி அவளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு வருடமாக அவர்தான் போய் எடுத்துவருகிறார். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை அளந்ததை மறுபடி அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். ஐம்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் ஒரு புத்தகத்தையும் அவர் எடுத்ததில்லை.

போன சனிக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கும் இதே புத்தகம்தான். அதற்கு முந்தின வாரம் அவள் படித்து, திட்டி, முக்கோணம் போட்டுத் திருப்பி அனுப்பியது. கண்ணாடியை எங்கே வைத்தீர்கள் என்று சத்தம் போட்டாள். அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து அசடு வழிந்தார். அந்தக் கோபத்தில் முதல் முக்கோணத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டாள். கட்டைவிரல் அகலத்துக்கு. பென்சில் முனை உடையும்வரை அழுத்தி.

இன்று கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருக்கிறது.

"புதுசா வந்திருக்கு தேவானை. அம்பத்தேழு பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஒண்ணும் இல்ல."

அவள் திட்டத்தான் வாயெடுத்தாள். நல்ல காரமான வசவு ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அளவு சரியாக வந்துவிட்ட சந்தோஷம் முகத்தில்.

சாப்பிட்டு எழுந்த கையோடு, இன்னும் சாப்பாடு ஆகவில்லையா என்று திங்கட்கிழமை கேட்டார். எதிர்வீட்டுக்காரரை, செத்துப்போன தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டுக்கும் அவள் சிரித்திருந்தாள்.

இப்போது பயமாக இருந்தது.

உள்ளங்கையால் இரண்டு முக்கோணங்களையும் மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க. இது படிச்சதில்ல" என்றாள்.

புன்னகை வேறு.

"எப்படி இருக்கும் போல?"

"நல்லாருக்கும் போலத்தான் தெரியுது."

நாற்பது வருடத்தில் எந்த நாவலையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. உனக்கே பிடித்துவிட்டதா என்று மூன்று தடவை கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சொல்லு சொல்லு, புரட்டினவரைக்கும் கதை என்ன என்றார்.

"காப்பி போட்டுட்டு வந்து சொல்றேன்."

கம்பை ஊன்றி எழுந்து சமையலறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

மணி மாலை நாலரை.