இசைவாணியின் ரவுண்டு

வேளாண் கல்லூரி வாசலில் பட்டுப்புடவை கட்டி, சந்தனத் தட்டேந்தி இசைவாணி தனியே நிற்கிறாள். வகுப்பிலேயே அவள்தான் லட்சணமாக இருக்கிறாளாம், துறைத்தலைவரின் கண்டுபிடிப்பு. சிறப்பு விருந்தினரைத்தான் காணோம். தட்டிலுள்ள கற்கண்டை மோப்பம் பிடித்துப் பூதலூர் எறும்புகள் ரயிலேறி, முறையாக டிக்கெட்டும் எடுத்து, வந்து சேர்ந்துவிட்டன. மதிலுக்கு அந்தப் பக்கம், சேற்று வயலில், அவள் வகுப்புக்கு டிராக்டர் பயிற்சி. வருஷத்துக்கு ஒரே முறை. "அடுத்து இசைவாணி!" என்கிறார் ஆசிரியர். "அது வாசல்ல தட்டோட நிக்குது சார். அதோட ரவுண்டையும் நானே ஓட்டிடுறேன்" என்கிறான் வளவன். எல்லோரும் சிரிக்கிறார்கள். "சார், இதோ வந்துட்டேன்!" என்று அவள் போடும் கூச்சலை எஞ்சின் விழுங்கிவிடுகிறது. டிராக்டர் கிளம்புகிறது. புடவைக்குள் அவளுடைய இடது கால் கிளட்சை மெல்ல விடுகிறது. வலது கால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது. வாசல்தான் நகர மாட்டேன் என்கிறது.