தானாக இறங்கும் சீட்

“மறுபடியும் இறங்கிடுச்சு.”

பல் டாக்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கடை நடுவில் நிறுத்தினார். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். மூன்று வாரத்தில் இது மூன்றாவது தடவை.

மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள் அது. கைப்பிடியில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் இறங்கும். எழுந்து நின்று அழுத்தினால் ஏறும். மற்றபடி வைத்த இடத்தில் நிற்க வேண்டும். டாக்டரின் சீட் நிற்கவில்லை. முழு உயரத்தில் விட்டுவிட்டுப் படுத்தால், காலையில் அடிவரை இறங்கியிருந்தது.

“முதல் தடவை ரப்பர் சீல் மாத்தினீங்க. ரெண்டாவது தடவை உள்ள இருக்கற குழலையே மாத்தினீங்க. ஒரே பல்லுக்கு நான் மூணு தடவை ரூட் கேனால் பண்ணினா பேஷன்ட் சும்மா விடுவாரா?”

மெக்கானிக் தாடையைத் தடவிக்கொண்டார். அவருக்கே பல் வலிப்பது போலிருந்தது.

“ஞாயித்துக்கிழமை போட்டி. போன வருஷம் பாதி ஏத்தத்துல சீட் சரியில்லாம, முட்டி வலி எடுத்து, வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தேன். இந்தத் தடவை தள்ள மாட்டேன்னு வீட்ல சவால் விட்டிருக்கேன்.”

“யாராவது ஏறி உட்கார்றாங்களா டாக்டர்? ஆள் பாரம் இல்லாம இது இறங்காது.”

“மாடிப்படிக்குக் கீழ பூட்டி வைக்கறேன். சாவி வீட்டுக்குள்ள ஆணியில தொங்குது. காலையில பார்த்தா பூட்டு போட்டது போட்டபடி இருக்கு.”

“உங்க வீட்டுக்காரர்...”

“அவர் சோஃபாவை விட்டு எழுந்திரிச்சாலே நாங்க கை தட்டுவோம்.”

மெக்கானிக் அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. கேபிள், சீல், குழல் எல்லாவற்றையும் துணி விரித்துப் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மாட்டி முடித்து, ஒரு மூட்டை மணலைச் சீட்டின் மேல் கட்டி இரண்டு நாள் நிறுத்தினார். தண்டில் பென்சிலால் போட்ட கோடு மயிரிழைகூட நகரவில்லை.

அதுதான் அவரைக் கலங்கடித்தது. காரணம் தெரியாமல் ஒரு வண்டியை அவர் இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட, அது இறங்குகிறதா என்று கவனிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி இரண்டு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை அவரே கொண்டுபோனார். கதவைத் திறந்தவர் டாக்டரின் மாமியார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை.

“இந்தச் சனியன் இன்னும் ஒழியலையா? நாலு பேருக்குப் பல்லு பிடுங்கற கையை ஒடிச்சுக்கிட்டா அப்புறம் என்ன பண்ணுவா? வித்துத் தொலைன்னா கேட்க மாட்டேங்கறா.”

மெக்கானிக் வண்டியைச் சுவரில் சாய்த்தார்.

“சீட்டை வேற இப்படி உச்சாணியில ஏத்தி வச்சிருக்கீங்க. கால் தரையில எப்படி எட்டும்? கீழேயே இருந்தா என்ன குடியா முழுகிடும்?”

“டாக்டர் உயரத்துக்கு அளவெடுத்து வச்சதும்மா.”

“நல்லா எடுத்தீங்க அளவு” என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார்.

டாக்டர் வெளியே வந்ததும் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வர்றேன் டாக்டர். சீட் இறங்கியிருக்கறதை என் கண்ணால பார்க்கணும். பார்க்காம இனிமே இதுல கை வைக்க மாட்டேன்.”

சொன்னபடி வந்தார். அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் கொட்டாவியோடு படியிறங்கி வந்து விளக்கைப் போட்டார்.

மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் இல்லை.

“ஐயோ, திருடிட்டாங்க! நாளைக்குப் போட்டி!”

மெக்கானிக் குனிந்து, கடைசிப் படியில் இருந்த பூட்டை எடுத்துப் பார்த்தார். அதிலேயே சாவி இருந்தது.

“திருடன் சாவி போட்டுத் திறந்திருக்கான் டாக்டர்.”

டாக்டர் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். அதே வேகத்தில் திரும்பி வந்தார். “எடுத்தது அவர் இல்லை. குறட்டை படுக்கையறையிலிருந்துதான் வருது.”

அந்த நேரத்தில் தெருக்கோடியில் சக்கரம் சுழலும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள்.

சைக்கிள் மெதுவாக, கோணல் மாணலாக வந்துகொண்டிருந்தது. சீட் அடிவரை இறங்கியிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஓட்டியவரின் முழங்கால் தாடைவரை வந்து போயிற்று. தலையில் டாக்டரின் ஹெல்மெட். முகம் பாதிதான் தெரிந்தது.

வாசலுக்கு நேராக வந்து பிரேக் பிடித்து, இரண்டு காலையும் தரையில் அழுத்தமாக ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றினார் மாமியார். நெற்றியெல்லாம் வியர்வை.

“அத்தை!” என்றார் டாக்டர்.

மாமியார் மருமகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

“இறக்கறது எனக்கே வந்துடுச்சு. ஏத்தறது எப்படி தம்பி?”