இருபதாவது இடம்

"இன்னையோட மூணு நாள் ஆச்சு சார். நாலு மணியானதும் அந்த வாயாடி பேரை எடுத்துட்டு அடுத்த பிள்ளையைச் சேர்த்துடறேன்" என்றார் பொறுப்பாளர் அம்மா.

கணக்கு சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

பெரிய பள்ளிக்கூடங்கள் கைகழுவிவிட்ட பிள்ளைகளுக்கான மாற்றுப் பள்ளி அது. ஒரே கூடம், இருபதே இடம். அங்கே பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதில்லை. வந்த பிள்ளை பொது நோட்டில் தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். என்ன தோன்றுகிறதோ அதை எழுதலாம், அதுதான் வருகை. தொடர்ந்து மூன்று நாள் வரி இல்லையென்றால் இடம் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருக்கும் பிள்ளை உள்ளே வரும்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்கம்மா."

"எதுக்கு?"

"அவ இருக்கற இடத்துக்கே போய் எழுதி வாங்கிட்டு வரேன். நோட்டு வாசலைத் தாண்டக் கூடாதுன்னு விதி இல்லையே."

அம்மாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வேற யாராவது கேட்டா குடுத்துடுவேன். நீங்க கேக்கறீங்களே சார்! அடுத்து நிக்கிற பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை பதினெட்டு முடியுது. இன்னைக்கு விட்டா அப்புறம் இங்க சேர்க்க முடியாது. ரெண்டு வருஷமா அறைக்குள்ளயே அடைஞ்சு கிடந்த பொண்ணு, இப்பத்தான் வரேன்னு வாய் திறந்திருக்கு. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்போ அந்த வீட்டுல யார் போய்ச் சொல்றது?"

"நானே சொல்லிக்கிறேன்."

சலவைக் கடையின் பின்னறையில் ஆவி முகத்தில் அடித்தது. மலைபோலக் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே அந்தப் பதினைந்து வயதுக்காரி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, கணக்கு இங்கயும் துரத்திக்கிட்டு வந்துருச்சா!"

"ஏம்மா வரலை?"

"சித்தி இங்க சேர்த்துவிட்டாங்க சார். படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறேன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன், எனக்கும் பதில் வரலை."

"உன் முதலாளிகிட்ட இப்பத்தான் பேசினேன். காலையில படி, மத்தியானத்துக்கு மேல வான்னுட்டார்."

"விடுங்க சார். லிஸ்ட்டுல யாரோ காத்துக்கிட்டு இருக்குதாமே, அதைச் சேர்த்துக்கோங்க. அதாவது உருப்படட்டும்."

சார், மடித்து வைத்திருந்த விரிப்பு ஒன்றின் ஓரத்தைத் தேவையில்லாமல் நீவிவிட்டார்.

"அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்க ஆள் இருக்கும்மா. உனக்கு இந்த நோட்டை விட்டா யார் இருக்கா?"

சிரிக்கப்போனவள் சிரிக்கவில்லை. ஈரக் கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். 'திங்கக்கிழமை வரேன். சத்தியமா' என்று கோணல்மாணலாக எழுதினாள்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நோட்டு மேசைக்குத் திரும்பியது. பொறுப்பாளர் அம்மா அந்த வரியைப் படித்தார். பட்டியலின் முதல் பெயரின் மேல் மெதுவாகக் கோடு போட்டார். போட்ட பிறகு சாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

சார் அன்று பேருந்தில் ஏறாமல் நடந்தே போனார். வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. இரண்டு மாடி ஏறி, சொல்லியே ஆக வேண்டிய அந்த வீட்டின் கதவைத் தட்டினார்.

தலை வாரி, துவைத்த உடுப்பு போட்டு, அந்தப் பெண்ணே ஓடிவந்து கதவைத் திறந்தாள். அவர் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"மூணு நாள் முடிஞ்சிருச்சுல்ல? எனக்கு இடம் கிடைச்சிருச்சா, அப்பா?"